அயுத்தயா: செங்கற்கள் சொன்ன வரலாறு

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு)

நூலில் படிப்பது ஓர் அறிவு. நேரில் சென்று காண்பது மற்றோர் அறிவு. இரண்டும் சேரும்போதுதான் பாடம் நிறைவு பெறுகிறது என்று எங்கள் வேதியியல் பேராசிரியர் ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி கூறுவார். சென்ற கோடை விடுமுறையில் அந்தச் சொல்லின் பொருளை நான் நன்கு உணர்ந்தேன். உணர்த்திய இடம் ஆய்வுக்கூடம் அன்று. தாய்லாந்து நாட்டின் பழைய தலைநகராகிய அயுத்தயாவின் இடிபாடுகள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அம்மா அவரோடு வேலைக்குப் போகும் சித்தாள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பாங்காக் நகரில் ஒரு துணிக்கடையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். முதலாண்டில் எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டால் தம் செலவில் அழைத்துச் சென்று ஊரைக் காட்டுவதாக அவர் வாக்களித்திருந்தார். நான் தேறினேன், அவரும் சொன்ன சொல் தவறவில்லை.

புறப்படும் நாளன்று அப்பா சொன்னது இதுதான்: "கோபுரத்த எல்லாரும்தான் பாப்பாங்க. நீ கட்டுமானத்தப் பாத்துட்டு வா கண்ணு. கல்லு என்ன கல்லு, சாந்து என்ன சாந்துன்னு எனக்கு வந்து சொல்லணும்."

அவருடைய அந்த ஒரு வரிதான் இக்கட்டுரைக்கு வித்து.

ஆறுகள் சூழ்ந்த நகரம்

பாங்காக்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அயுத்தயா. ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குக் கடை விடுமுறை. விடியற்காலையில் ஹுவா லம்போங் நிலையத்தில் மூன்றாம் வகுப்பு ரயிலேறினோம். மின்விசிறியும், திறந்த சன்னல்களும், கூடையில் சோற்றுப் பொட்டலம் விற்கும் பெண்களுமாக நம் ஊர்ப் பாசஞ்சர் வண்டியைப் போலவே இருந்தது. இருபுறமும் நெல் வயல்கள். இரண்டு மணி நேரத்தில் இறங்கினோம்.

ரயில் நிலையம் ஆற்றின் இக்கரையில் இருக்கிறது. பழைய நகரம் அக்கரையில். சில பாட் நாணயங்களைக் கொடுத்துப் படகில் ஏறிக் கடந்தோம். அது பாசக் ஆறு. மேற்கிலும் தெற்கிலும் சாவ் பிரயா ஆறு. வடக்கில் லோப்புரி ஆறு. இம்மூன்று ஆறுகளையும் கால்வாயால் இணைத்து, நடுவில் அகப்பட்ட நிலத்தைத் தீவாக்கி, அதைச் சுற்றி மதில் எழுப்பி உருவாக்கிய நகரம் இது. பகைவருக்கு ஆறே அகழி. வணிகருக்கு ஆறே சாலை. உழவருக்கு அதே ஆறுதான் ஆண்டுதோறும் வண்டல் கொண்டுவந்து கொட்டும் தாய்.

1350ஆம் ஆண்டில் ஊ தோங் என்னும் அரசர் இந்நகரை நிறுவினார். முடிசூடியபோது இராமாதிபதி என்று பெயர் கொண்டார். இராமனின் பெயர் அரசனுக்கு. இராமனுடைய அயோத்தியின் பெயர் நகருக்கு. அயோத்தி என்றால் போரிட்டு வெல்ல முடியாதது என்று பொருள். அந்தப் பெயரைத் தாங்கிய நகரம் இருமுறை பகைவரிடம் வீழ்ந்தது என்பதை எண்ணும்போது, பெயர் வைப்பது எளிது, அதைக் காப்பது அரிது என்று தோன்றுகிறது.

417 ஆண்டுகள், முப்பத்துமூன்று அரசர்கள். அக்காலத்தில் சீனர், ஜப்பானியர், பாரசீகர், போர்த்துகீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் எனப் பல நாட்டு வணிகரும் இங்கே குடியிருந்தனர். 1686இல் இந்நாட்டுத் தூதர் கோசா பான் பிரான்சு சென்று பதினான்காம் லூயி மன்னரை வெர்சேல்சு அரண்மனையில் கண்டார். மறு ஆண்டே பிரெஞ்சுத் தூதுக்குழு ஒன்று இங்கு வந்தது. நம் சோழமண்டலக் கரையில் நெய்து சாயமிட்ட துணிகளும் கப்பலேறி இந்நகரச் சந்தைக்கு வந்திருக்கின்றன. சயாம் மக்களின் விருப்பத்துக்கேற்பத் தனிப் பூவேலையுடன் அவற்றைச் செய்து அனுப்பினார்களாம். இதை மாமாவிடம் சொன்னேன். "அப்பவும் நாம துணி வித்துட்டுத்தான் இருந்தோமா!" என்று சிரித்தார்.

மகாதாத் ஆலயம்

வாடகைக்கு மிதிவண்டி எடுத்துக்கொண்டு நாங்கள் முதலில் சென்றது வாட் மகாதாத். வாட் என்றால் பௌத்தக் கோயிலும் மடமும் சேர்ந்த இடம். 1374இல் தொடங்கப்பட்டது. நடுவில் நின்ற பெரிய கோபுரத்தை பிராங் என்கிறார்கள். கெமர் நாட்டுப் பாணியில் வந்தது. அதைச் சூழ நின்றவை மணி வடிவான தூபிகள். தூபிக்குத் தாய் மொழியில் 'செடி' என்று பெயர்! சைத்தியம் என்னும் சொல்லே அப்படித் திரிந்திருக்கிறது. "இங்க எத்தன செடி பாரு" என்று மாமா கூற, ஒரு பூச்செடியும் இல்லாத வெட்டவெளியை நான் விழித்துப் பார்த்தது தனிக்கதை.

அந்தப் பெரிய பிராங் இன்று இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருமுறை சரிந்தது, மீண்டும் கட்டினார்கள். 1911இல் மறுபடியும் சரிந்தது. அதன்பின் யாரும் எழுப்பவில்லை. அடித்தளம் மட்டும் மலைபோல் கிடக்கிறது. சுற்றிலுமுள்ள தூபிகளில் பல ஒருபுறமாகச் சாய்ந்து நிற்கின்றன. காரணம் மண்தான். கீழே பாறை எட்டாத ஆழத்தில் இருக்கிறது. மேலே உள்ளதெல்லாம் ஆறு கொண்டுவந்த மென்களிமண். நனைந்தால் இளகும், காய்ந்தால் சுருங்கும். ஆயிரக்கணக்கான டன் செங்கல்லை அதன்மேல் ஏற்றினால் ஒருபுறம் அமுங்கத்தானே செய்யும்? எந்த மண் சோறு போட்டதோ, அதே மண்ணே கோபுரத்தையும் சாய்த்திருக்கிறது.

இக்கோயிலில்தான் உலகப் புகழ்பெற்ற அந்தக் காட்சி இருக்கிறது. அரசமர வேர்களின் பின்னலுக்குள் புத்தர் சிலையின் தலை ஒன்று அமைதியாகப் புன்னகைக்கிறது. உடல் இல்லை. தலையைச் சுற்றி வேர் வளர்ந்து அதை அணைத்துக்கொண்டிருக்கிறது. படம் எடுப்போர் அத்தலையைவிட உயரமாக நிற்கக்கூடாது. உட்கார்ந்தோ மண்டியிட்டோதான் எடுக்க வேண்டும். பல நாட்டவரும் வரிசையாக வந்து அமர்ந்து எழுந்து போனார்கள். இடிந்த ஒரு சிலைக்கு அந்நாட்டார் காட்டும் மரியாதை என் மனத்தைத் தொட்டது.

அருகில் தலையற்ற புத்தர் சிலைகள் வரிசை வரிசையாக அமர்ந்திருந்தன. பகைவர் வெட்டினார்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மையே. பிற்காலத்தில் பழம்பொருள் வணிகத்துக்காகத் தலைகளை அறுத்து விற்றவர்களும் உண்டு.

இரு சகோதரர்கள்

எதிரிலேயே இருப்பது வாட் ராட்சபூரண. 1424இல் அரசர் இறந்ததும், அரியணைக்காக அவருடைய மூத்த புதல்வர் இருவரும் யானைமேல் அமர்ந்து போரிட்டனர். இருவரும் மாண்டனர். போரிடாத இளையவர் அரசரானார். அண்ணன்மாரை எரித்த இடத்தில் அவர் எழுப்பிய கோயில் இது.

இதன் கோபுரத்துக்கடியில் நிலவறை ஒன்று உண்டு. 1957இல் திருடர்கள் அதைத் தோண்டிப் பொற்குவியலை அள்ளிச் சென்றார்கள். ஒரு பகுதி மீட்கப்பட்டது. மீந்திருந்தவற்றை அரசின் நுண்கலைத் துறையினர் வெளியே எடுத்தனர். பொன் வாள் முதலிய அப்பொருள்களைக் காக்க எழுந்த அருங்காட்சியகம் 1961இல் திறக்கப்பட்டது. செங்குத்தான படிகளில் இறங்கி அந்நிலவறையைக் கண்டோம். சுவரில் மங்கிய ஓவியங்கள். ஐந்நூறு ஆண்டுகள் பகைவர் கண்ணில் படாத பொன், உள்ளூர்த் திருடர் கண்ணில் பட்டுவிட்டது.

வீழ்ச்சி

1569இல் பர்மியரிடம் அயுத்தயா முதன்முறை வீழ்ந்தது. 1584இல் நரேசுவன் விடுதலையை அறிவித்தார். நகரம் மீண்டும் தழைத்தது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் அரச குடும்பத்துப் பூசல்கள் நாட்டை உள்ளிருந்தே அரித்தன. 1766இல் பர்மியப் படைகள் நகரைச் சூழ்ந்து முற்றுகையிட்டன. மழைக்காலம் வரட்டும், வெள்ளம் வரும், பகைவர் ஓடிவிடுவர் என்று நகரத்தார் காத்திருந்தனர். முன்பு பலமுறை அப்படித்தான் நடந்திருந்தது. இம்முறை வெள்ளம் வந்தது, பகைவர் போகவில்லை. மேட்டு நிலங்களில் அரண் அமைத்தும், படகுகளில் நடமாடியும் நின்றுவிட்டனர். வெள்ளம் வடிந்ததும் மதிலின் அடியில் சுரங்கம் தோண்டி நெருப்பிட்டனர். 1767 ஏப்ரல் 7ஆம் நாள் மதில் சரிந்தது. நகரம் எரிந்தது.

அரண்மனை வளாகத்துக் கோயிலான வாட் பிரா சி சன்பெத்தில், பொன் தகடு போர்த்திய 16 மீட்டர் உயர புத்தர் சிலை நின்றிருந்தது. 1500ஆம் ஆண்டில் நிறுவியது. பொன்னைப் பிரித்தெடுக்க அச்சிலைக்கே தீ மூட்டினார்கள். இன்று அங்கே மூன்று தூபிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. மூன்றும் மூன்று அரசர்களின் எலும்புச் சாம்பலைக் காக்க எழுந்தவை.

அதன்பின் தக்சின் என்னும் தலைவர் பர்மியரை விரட்டித் தொன்புரியில் தலைநகர் அமைத்தார். 1782இல் முதலாம் இராமர் ஆற்றின் எதிர்க்கரையில் பாங்காக்கை நிறுவினார். புது நகருக்குச் செங்கல் வேண்டுமே! அயுத்தயாவின் இடிந்த மதில்களைப் பிரித்து, படகு படகாக ஆற்றின் வழியே கொண்டுபோய்ப் பாங்காக்கின் மதிலையும் மாளிகைகளையும் கட்டினார்கள். ஆகவே நாம் காணும் அயுத்தயா, தீயும் திருடரும் விட்டுவைத்தது மட்டுமன்று. கொத்தனார்கள் விட்டுவைத்ததும் ஆகும். பாங்காக்கின் நீண்ட அரசுப் பெயருக்குள்ளும் அயுத்தயா என்னும் சொல் இன்றும் இருக்கிறது. பெயரும் செங்கல்லும் சேர்ந்தே குடிபெயர்ந்திருக்கின்றன.

கல்லும் சாந்தும்

இனி அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

மாலையில் சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள வாட் சைவத்தனாராமுக்குச் சென்றோம். 1630இல் கட்டத் தொடங்கியது. நடுக்கோபுரம் 35 மீட்டர். 2011ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் இக்கோயில் பல வாரங்கள் நீரில் நின்றது. அங்கே ஒரு சுவரின் ஓரமாக அமர்ந்து கற்களைப் பார்த்தேன். ஒன்றையும் அசைக்காமல் என் கைச் சாணால் அளந்தேன். நம் ஊர்ச் செங்கல்லைவிட நீளமும் அகலமும் கூடுதல், தடிமன் குறைவு. உடைந்த கல்லின் உள்ளே சின்னஞ்சிறு பள்ளங்கள் தெரிந்தன. களிமண்ணோடு உமி கலந்து அறுத்துச் சுட்ட கல். உமி எரிந்துபோன இடமே அந்தப் பள்ளம்.

கோபுரங்களின் மேல் வெண்பூச்சு அங்கங்கே ஒட்டியிருந்தது. அது சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்போடு மணலும், வெல்லச் சாறும், மாட்டுத்தோலைக் காய்ச்சிய பசையும் சேர்த்து இடிப்பது அந்நாட்டு மரபு. நம் பக்கத்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டு அரைப்பதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வேதியியல் இதை இவ்வாறு விளக்குகிறது. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசில் அதைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும் என்பதால் வெல்லத்துக்கு அங்கே வேலை உண்டு. சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உறிஞ்சி அது மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகவே மாறிவிடுகிறது. சூளையில் கல் இழந்ததைச் சுவரில் காற்று திருப்பித் தருகிறது! முதலாண்டில் இச்சமன்பாட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள் நான். அது 35 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் என்று அன்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

ஊருக்குத் திரும்பியபின்

ஊருக்கு வந்ததும் கைப்பேசியில் எடுத்த படங்களை அப்பாவிடம் காட்டினேன். பொன்னையும் புத்தரையும் அவர் வேகமாகத் தள்ளிவிட்டார். சுவர்ப் படம் ஒன்றில் நின்றார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்த எடத்துல பின்னாடி யாரோ சிமெண்ட்டு வச்சு ஒட்டியிருக்காங்க. பாரு, சிமெண்ட்டு அப்படியே நிக்குது. சுத்தியிருக்கற கல்லு கரைஞ்சு போச்சு. பழய சுண்ணாம்புச் சுவத்துல சிமெண்ட்டு வச்சா இப்படித்தான் ஆகும். ஏன்னு தெரியாது, ஆனா ஆகும்."

அந்தப் படத்தை எடுத்தவள் நான். ஆனால் அந்த ஒட்டு என் கண்ணில் படவே இல்லை. அவர் காட்டியபின் காரணம் எனக்கு விளங்கிற்று. ஆற்றங்கரை மண்ணிலிருந்து நீர் நுண்துளைகள் வழியே சுவரில் ஏறும். உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறும். சுண்ணாம்புச் சாந்து நுண்துளை உள்ளது; நீர் அதன் வழியே ஆவியாகிவிடும், அரிப்பையும் அதுவே தாங்கிக்கொள்ளும். சிமெண்ட்டு இறுக்கமானது, நீரை விடாது. நீர் மென்மையான செங்கல் வழியே வெளியேற, உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி அதைப் பிளக்கிறது. இதை நான் தாளில் படம் வரைந்து சொன்னேன். அப்பா நெடுநேரம் பார்த்துவிட்டு, "முப்பது வருசமா பாக்கறேன். இன்னிக்குத்தான் தெரியுது" என்றார். எனக்கோ முப்பது வருடம் படித்தாலும் அந்த ஒட்டு தெரிந்திருக்காது.

அம்மா அதுவரை ஒன்றும் பேசவில்லை. கோபுரப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன கல்லையும் யாரு கண்ணு சுமந்தது?"

நான் படித்திருந்ததைச் சொன்னேன். அந்நாட்டில் பிராய் என்னும் குடிமக்கள் ஆண்டில் ஆறு மாதம் அரசனுக்கு உழைக்க வேண்டும். போரில் பிடிபட்டவர்களும் வேலை செய்தார்கள்.

"கூலி?"

"கூலி கெடயாதும்மா."

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

முப்பத்துமூன்று அரசர்களின் பெயர்களும் வரலாற்றில் இருக்கின்றன. கல் அறுத்தவர், சூளை வைத்தவர், சாந்து இடித்தவர், சுமந்தவர் ஆகியோரில் ஒருவர் பெயரையும் அங்கே நான் காணவில்லை. ஆனால் அரண்மனைகள் எரிந்தபின்னும், பொன் உருகியபின்னும், இன்று எஞ்சி நிற்பது அவர்கள் வைத்த கல்தான். 1991இல் யுனெசுகோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் அவர்கள் கைவேலையைத்தான்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுதவேண்டும். இக்கல்லூரியில் சேரும்போது, விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கட்டட ஒப்பந்ததாரர்' என்று எழுதினேன். அப்பா ஒருநாளும் ஒப்பந்தம் எடுத்தவர் அல்லர். 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். படித்துப் பார்க்கத் தெரியாத அம்மா, நான் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். சக மாணவியர் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம், வேறில்லை.

விடுமுறை முடிந்து இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பம் வந்தது. 'கொத்தனார்' என்றும், அடுத்த வரியில் 'சித்தாள்' என்றும் எழுதினேன். எழுதியதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிய பின்புதான் கையெழுத்து இடத்தைக் காட்டினேன்.

மாணவத் தோழர்களே! பழைய கட்டடம் எதையேனும் காணச் சென்றால் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள், குறையில்லை. பிறகு சற்றுக் குனிந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சாந்தையும் பாருங்கள். அதைப் படிக்க வேதியியல் உதவும். வீட்டில் கரண்டி பிடித்த கை ஒன்று இருந்தால், அதுவும் உதவும். கேட்டுப் பாருங்கள்.